யாருடைய கிணறு சோதிக்கப்படுகிறது? கல்குவாரிக் குப்பையும் நிலத்தடி நீர்க் கண்காணிப்பும்

பெங்களூரு மாநகராட்சி, பெல்லஹள்ளியிலும் மிட்டகானஹள்ளியிலும் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களில் நகரத்தின் குப்பையைக் கொட்டியது. கல் வெட்டி முடித்த பள்ளம், நகர நிர்வாகங்களின் கண்ணுக்குச் செலவின்றிக் கிடைத்த குப்பைக்குழி. இத்தகைய இடங்களில் மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும்போது, நிலத்தடி நீர் முறையாகக் கண்காணிக்கப்படும் என்ற உறுதிமொழி தரப்படுவது வழக்கம். அதோடு நாம் நின்றுவிடக் கூடாது. எந்தக் கிணற்றில், எந்தப் பருவத்தில், எதைத் தேடிச் சோதிக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

குவாரிப் பள்ளம் வெற்றிடம் அன்று. மழைநீரும் ஊற்றுநீரும் சேரும் இடம். 2017ஆம் ஆண்டு வறட்சியில் சென்னை தவித்தபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கியிருந்த நீரைச் சுத்திகரித்துக் குடிநீர் வாரியம் நகரத்துக்கு வழங்கியது. 2019இலும் அதே குவாரிகளை நாடியது. நகரத்துக்குத் தாகம் எடுத்தால் குவாரி நீர்த்தேக்கம். கழிவு மிகுந்தால் குவாரி குப்பைக்கிடங்கு. அந்தக் கிடங்குக்கு யாருடைய ஊர் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது தற்செயல் அன்று. ஊருக்கு வெளியே, புறம்போக்கின் ஓரத்தில் சேரியை ஒதுக்கி வைத்தது சாதி. ஊர் வேண்டாமென்று ஒதுக்கும் அனைத்தும் அங்கே வந்து சேர்வது அந்த ஒதுக்கலின் தொடர்ச்சியே.

தமிழகத்தின் பெரும்பகுதியும் பெங்களூருவும் கடினப் பாறை நிலங்கள். மணற்பாங்கான நிலத்தில்போல நீர் இங்கே சீராகப் பரவுவதில்லை. பாறையின் வெடிப்புகள் வழியே ஓடுகிறது. வெடி வைத்துக் கல் எடுத்த இடத்தில் வெடிப்புகள் மேலும் பெருகும். ஆகவே குப்பையிலிருந்து வடியும் கழிவுச்சாறு, 40 மீட்டரிலுள்ள கண்காணிப்புக் கிணற்றைத் தொடாமல், அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆழ்துளைக் கிணற்றை எட்டக்கூடும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பைக்கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பிந்தைய காலம் எனப் பருவந்தோறும் சோதிக்கச் சொல்லின. அந்த 50 மீட்டரை மட்டும் அளந்துவிட்டு நீர் தூய்மையானது என்று அறிவிப்பது, விதியை நிறைவேற்றுவதாகலாம். சேரிக் கிணற்றைப் பற்றிய உண்மையைச் சொல்வதாகாது.

அதே விதிகள் இன்னொன்றையும் வற்புறுத்தின: கிடங்கு அமைக்கும் முன்பே அப்பகுதி நிலத்தடி நீரின் தன்மையைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். இந்த முதல் பதிவு இல்லையெனில் பின்னர் எடுக்கும் அளவுகள் எல்லாம் வாதத்துக்குரியவை ஆகிவிடும். குளோரைடு நீரோடு நீராகவே நகர்வதால், கழிவுச்சாறு கலந்ததற்கான தொடக்க அடையாளங்களுள் ஒன்று. குடிநீரில் அதன் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம், நைட்ரேட்டுக்கு 45. ஆனால் கிணற்றில் குளோரைடு உயர்ந்திருந்தால், இது இந்த மண்ணின் இயற்கையான உவர்ப்பு என்று எளிதாகத் தட்டிக்கழிக்கலாம். மேட்டுப்புறத்தில் குப்பையின் தாக்கம் எட்டாத கிணற்றையும், பள்ளப்புறத்தில் மக்கள் குடிக்கும் கிணற்றையும் ஒரே நாளில் சோதித்து ஒப்பிட்டால்தான் அந்த வாதத்துக்கு விடை கூற முடியும்.

இது அறிவியல் நுணுக்கம் மட்டுமன்று, சட்டத்தின் கேள்வியும்கூட. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தை, அதன் பயன்பாட்டுக்குத் தகுதி குறையும்படி மாசுபடுத்துவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. தகுதி குறைந்தது என்று நிறுவ வேண்டுமானால், முன்பு எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டிக்கு நேர்ந்தது உடனே வெளிப்பட்டது. பாறைக்குள் கழிவுச்சாறு கசிவதோ ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவோ, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு செய்யக் கோருகிறது. பதிவு இல்லாதவர்களுக்கு அந்தக் காலக்கெடு தெரியாமலேயே கடந்துவிடும்.

ஆகவே நமது கோரிக்கைகள் துல்லியமாக இருத்தல் வேண்டும். கண்காணிப்புக் கிணறுகளின் பட்டியலில் சேரியின் குடிநீர்க் கிணறும் கைப்பம்பும் இடம்பெற வேண்டும். சோதனை முடிவுகள் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி அளிக்க வேண்டும். அவர்களுள் சேரிப் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்போம். அவர்களிடம் தரப்படும் களச் சோதனைப் பெட்டி குளோரைடையும் நைட்ரேட்டையும் காட்டும்; காட்மியம் போன்ற கன உலோகங்களுக்கு ஆய்வகமே வழி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவண நகல்களை மட்டுமன்றி, சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறும் உரிமையையும் தந்திருக்கிறது.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. வேதியியல், புவியியல் படிக்கும் தோழர்கள் குவாரியைச் சுற்றியுள்ள கிணறுகளை வரைபடத்தில் குறித்து, பருவந்தோறும் தேதியிட்டு அளவெடுத்து வைக்கலாம். அந்த அளவுகளே முடிவான சான்று ஆகிவிடா. ஆயினும் அதிகாரிகள் எந்தக் கிணற்றைச் சோதிக்காமல் விட்டார்கள் என்பதை அவை வெளிப்படுத்தும். அளக்கப்படாத கிணற்றில் மாசு இல்லையென்று எவரும் அறிக்கை எழுதிவிடலாம். அந்த வசதியை நாம் அவர்களுக்கு விட்டுவைக்கக் கூடாது.