கட்டிளம் பருவத்தினரின் உணவும் வலிகாமம் வடக்கின் செம்மண்ணும்

பழமும் மரக்கறியும் உண்ணுமாறு பிள்ளைகளுக்குப் புத்திமதி கூறுவதில் நமது சமூகம் எக்குறையும் வைத்ததில்லை. ஆயினும் மாலை வேளையில் தனியார் கல்வி நிலையங்களின் வாயிலில் நின்று பார்ப்போருக்குத் தெரிவது வேறு காட்சி. றோல்ஸ், பொரித்த சிற்றுண்டிகள், சீனி நிறைந்த குளிர்பானங்கள் ஆகியனவே அங்கு மாணவரின் கைகளில் உள்ளன.

பத்து வயதுக்கு மேற்பட்டோர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டின் வழிகாட்டலில் கூறியுள்ளது. உருளைக்கிழங்கு இக்கணக்கில் சேராது. பிரட்டற்கறியோடு மனநிறைவு கொள்ளும் வீடுகள் இதனைக் கவனித்தல் நன்று. பூப்பெய்திய பெண் பிள்ளைகளுக்கு இது மேலும் முக்கியமானது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சிக்கொள்வதற்கு கொய்யா, தேசிக்காய் போன்றவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி துணை புரிகின்றது.

எனினும் பிள்ளைகளை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது என்பதே நமது கருத்தாகும். காங்கேசன்துறையை எடுத்துக்கொள்வோம். சீமெந்துத் தொழிற்சாலையால் பெயர் பெற்ற இவ்வூரைச் சூழவுள்ள மயிலிட்டி, பலாலி, கட்டுவன், வயாவிளான் பகுதிகள் குடாநாட்டின் வளம் மிக்க தோட்டக் காணிகளைக் கொண்டவை. கிணற்று நீரிறைத்துக் கத்தரியும் வெங்காயமும் வாழையும் விளைவித்த மண் அது. வளவில் ஒரு முருங்கை, வேலியோரத்தில் முசுட்டை, கிணற்றடியில் வாழை என்றிருந்த வீட்டில் மரக்கறி உண்பதற்குத் தனியான பிரசாரம் தேவைப்பட்டிருக்காது.

1990 ஆம் ஆண்டில் அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. அதே ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் புத்தளத்தில் முகாம் வாழ்வுக்குத் தள்ளப்பட்டனர். இரு சாராருக்கும் கிடைத்த உலர் உணவு நிவாரணம் அரிசி, மா, பருப்பு, சீனி என்பவற்றால் ஆனது. மரக்கறி வாங்குவதற்குக் கையில் காசு வேண்டும். கூலி வேலை கிடைக்காத நாளில் அதுவும் இல்லை. அம்முகாம்களில் வளர்ந்த சிறுவர்களே இன்றைய கட்டிளம் பருவத்தினர் பலரின் பெற்றோர். நாவின் பழக்கமும் பரம்பரையாகவே கைமாறுகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்நிலையை மேலும் மோசமாக்கியது. விலையேற்றத்தின்போது முதலில் வெட்டுப்படுவது பழத்தின் செலவே.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகள் தொடர்பாகக் கல்வி அமைச்சு 2015 ஆம் ஆண்டில் சுற்றுநிருபம் வெளியிட்டது. குளிர்பானங்களின் சீனி அளவைக் காட்டும் நிறக்குறியீடு 2016 இல் நடைமுறைக்கு வந்தது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு எடுப்பவரின் கணக்கு வேறு. பிஸ்கட் மாதக்கணக்கில் கெடாது. கொய்யாப்பழம் இரண்டு நாளில் பழுதாகிவிடும். நட்டம் அவரது தலையில் விழும்வரை சுற்றுநிருபம் சுவரில்தான் தொங்கும். குத்தகைப் பணத்தில் சலுகை வழங்கி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளிலிருந்து பருவகாலப் பழங்களை நேரடியாகப் பெற்று விற்கச் செய்வது அதிபர்களாலும் வலயக் கல்விப் பணிமனைகளாலும் செய்யக்கூடியதே. அரசின் மதிய உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவு மாணவரையே மையமாகக் கொண்டுள்ளதால், உடல் வேகமாக வளரும் வயதினர் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர் என்பதையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

வீடுகளுக்கும் பொறுப்பில்லாமல் இல்லை. நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழத்துக்கு அடுத்து எண்ணெய்ப் பலகாரங்களே தட்டை நிரப்புவதும், விரத நாளில் மட்டும் மரக்கறிக்கு மதிப்பளிப்பதும் நாம் அறிந்தவைதாம்.

போர் முடிந்த பின்னர் வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் தோட்ட நிலங்களில் ஒரு பகுதி இன்னமும் உரியவர்களிடம் திரும்பவில்லை. அவற்றில் படையினர் பயிர்செய்து விளைச்சலைச் சந்தைப்படுத்துவதாக மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். தனது தந்தையின் தோட்டத்தில் விளைந்த கத்தரிக்காயைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தாயிடம், பிள்ளைக்கு மரக்கறி கொடுக்குமாறு எந்தச் சுகாதார அதிகாரி எவ்வாறு கூறுவார்?