இருளில் தெரியாத கோட்டினால் பயனில்லை

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலும் அதனுடன் சேர்ந்து வந்த பெருவெள்ளமும் எமது வீதிகளுக்கும் பாலங்களுக்கும் ஏற்படுத்திய சேதம் பாரதூரமானதாகும். புத்தளம் மாவட்டமும் அந்த அனர்த்தத்திலிருந்து தப்பவில்லை. வீதிகளை மீளமைப்பது பற்றிப் பேசும்போது தார், கருங்கல், மதகு, வடிகான் என்பனவே எல்லோரது கவனத்துக்கும் வருகின்றன. வீதியின் மீது இடப்படும் கோடுகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வேலைப் பட்டியலின் கடைசியில் இடம்பெறுவதும், நிதி போதாமற் போகும்போது முதலில் கைவிடப்படக்கூடியதும் இக்கோடுகளேயாகும். இந்த அலட்சியத்துக்குக் கொடுக்கப்படும் விலை என்ன என்பதைக் கற்பிட்டிக் குடாநாட்டை முன்வைத்து ஆராய்வது பொருத்தமாகும்.

ஒரு காலத்தில் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயினூடாகவும் களப்பினூடாகவும் வள்ளங்களில் நடைபெற்ற கற்பிட்டியின் போக்குவரத்து, இன்று பாலாவிச் சந்தியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமான ஒரேயொரு பிரதான வீதியையே நம்பியிருக்கின்றது. ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல், நடுவே ஒடுங்கிய மணற்றரை என்பதால் மாற்று வழி என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையானோர் புத்தளத்திலும் கற்பிட்டிப் பகுதியிலுமே தஞ்சம் புகுந்தனர். வீதியோரக் குடியிருப்புகள் பெருகின. பின்னர் நுரைச்சோலையில் அமைக்கப்பட்ட அனல் மின் நிலையத்தின் முதற் கட்டம் 2011 இலும் ஏனைய கட்டங்கள் 2014 இலும் இயங்கத் தொடங்க, கனரக வாகனங்களும் இவ்வீதிக்கு வந்தன. சுற்றுலாத்துறை வளர்ந்ததும் வாகனத் தொகை மேலும் கூடியது.

இவ்வீதியின் விசேட தன்மை, அது இருளில் அதிகம் பயன்படுத்தப்படுவதேயாகும். மீனவர்கள் விடியுமுன்னரே கடலுக்குப் புறப்படுகின்றனர். வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் ஏற்றிய லொறிகள் காலைச் சந்தையைப் பிடிப்பதற்காக இரவிலேயே ஓடுகின்றன. பள்ளிவாசல்களுக்கு ஸுபஹ் தொழுகைக்காக முதியவர்கள் இருள் பிரியுமுன் நடந்து செல்கின்றனர். நோன்பு காலத்தில் தராவீஹ் தொழுகை முடித்துச் சிறுவர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வீதிக்கு வருகின்றனர். மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக்களுக்குச் சிங்கள, தமிழ் யாத்திரிகர்கள் பெருந்திரளாக வருகின்றனர். முஸ்லிம்கள், தமிழர்கள், சிங்களவர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் வீதி இது. ஆகவே இவ்வீதியின் பாதுகாப்பு எந்தவொரு சமூகத்துக்கும் மட்டும் உரிய கோரிக்கையன்று.

வளைவும் மேடும் குறைந்த சமதரை வீதி வேகத்தைத் தூண்டுவது இயல்பு. எதிரே வரும் வாகனத்தின் முன்விளக்கு கண்ணைக் கூசச் செய்யும்போது சாரதிக்குச் சில விநாடிகளுக்கு எதுவும் தெரிவதில்லை. அந்த வேளையில் அவர் பார்வையைத் தாழ்த்தி இடப்பக்க ஓரக் கோட்டைப் பார்த்தே வாகனத்தைச் செலுத்த வேண்டும். ஓரக் கோடு இல்லாவிடின் தார் எங்கே முடிகின்றது, மணல் எங்கே ஆரம்பிக்கின்றது என்பதை அவர் அறியமாட்டார். மோட்டார் சைக்கிளின் சக்கரம் மணலில் இறங்கினால் சறுக்கும். லொறியின் சக்கரம் இறங்கினால் அங்கே நடந்து செல்பவர் பலியாவார். நடைபாதை இல்லாத கிராமங்களில் பாதசாரிக்கும் வாகனத்துக்கும் இடையே இருக்கும் எல்லை அந்த ஒரு கோடு மாத்திரமே.

வீதி முழுவதும் மின்விளக்கு அமைப்பதற்குப் பெருஞ்செலவாகும். மாதந்தோறும் மின்கட்டணமும் செலுத்த வேண்டும். ஒளிதெறிக்கும் கோட்டுக்கோ மின்சாரமே தேவையில்லை. வாகனத்தின் சொந்த வெளிச்சத்தையே அது சாரதிக்குத் திருப்பி அனுப்புகின்றது. இதன் பின்னாலுள்ள தொழில்நுட்பத்தைப் பொதுமக்கள் அறிந்திருப்பது நல்லது. அறிந்தாற்றான் தமது வரிப்பணத்தில் இடப்படும் கோடு தரமானதா என்று அவர்களால் கேள்வி எழுப்ப முடியும்.

சாதாரண வீதிப் பூச்சு காய்ந்த பின்னர் அரை மில்லிமீற்றர் தடிப்பைக்கூட எட்டுவதில்லை. வாகன நெரிசல் மிகுந்த இடங்களில் சில மாதங்களிலேயே அது தேய்ந்துவிடும். தேர்மோபிளாஸ்ரிக் எனப்படும் பொருள் இதிலிருந்து வேறுபட்டது. பிசின், வெண்ணிறத்துக்கான தைத்தேனியம் ஈரொட்சைட்டு, சுண்ணக்கற்றூள், கண்ணாடி மணிகள் ஆகியன கலந்த தூளாகவோ கட்டியாகவோ அது வருகின்றது. அதனை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் இளகிக் குழம்பாகும். வீதியில் இழுத்ததும் சில நிமிடங்களில் ஆறி இறுகிவிடும். தார் வீதியின் மேற்பரப்பும் அந்தச் சூட்டில் இளகுவதால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வழமையான தடிப்பு 1.5 முதல் 3 மில்லிமீற்றர் வரையாகும். இந்திய நெடுஞ்சாலைகளுக்கான விவரக்குறிப்பு 2.5 மில்லிமீற்றர் தடிப்பைக் கோருகின்றது.

இரவில் கோடு ஒளிர்வதற்குக் காரணம் அந்தக் கண்ணாடி மணிகளே. மணற்பருக்கை அளவேயான இம்மணிக்குள் நுழையும் வெளிச்சம் முறிந்து, பின்னாலுள்ள வெண்ணிறப் பொருளிற் பட்டு, வந்த திசையிலேயே திரும்புகின்றது. கோடு சூடாக இருக்கும்போதே அதன் மீது மணிகள் தூவப்பட வேண்டும். மணியின் பாதியோ அதற்குச் சற்று மேலோ கோட்டுக்குள் அமிழ்ந்திருத்தல் அவசியம். முழுவதும் அமிழ்ந்தால் வெளிச்சம் உட்புகாது. போதியளவு அமிழாவிடின் சக்கரம் பட்டதும் மணி பெயர்ந்துவிடும். கலவைக்குள்ளேயும் நிறையில் ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ மணிகள் இருப்பதால், கோடு தேயத் தேயப் புதிய மணிகள் வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். தேர்மோபிளாஸ்ரிக்கின் ஆரம்பச் செலவு அதிகமாயினும் நீண்ட காலத்தில் அது இலாபகரமானது என்று கூறப்படுவது இதனாலேயாகும்.

ஆயினும் இப்பொருளைக் கொண்டு கோடு இட்டுவிட்டாற் போதும் என்று எண்ணுவது தவறு. கற்பிட்டியின் காலநிலை இப்பொருளுக்குக் கடினமான சோதனையாகும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மணலை வாரி வீதியிற் கொட்டுகின்றது. மணல் படிந்த தாரின் மீது இடப்படும் கோடு தாரில் ஒட்டாது, மணலிலேயே ஒட்டும். பின்னர் தகடாகப் பெயர்ந்துவிடும். ஈரமான தரையிலும் அவ்வாறே. கீழேயுள்ள ஈரம் ஆவியாகிக் கோட்டைத் துளைத்துக்கொண்டு மேலெழும். கிராமிய வீதிகள் பல கொங்கிறீட்டினால் அமைக்கப்படுகின்றன. அங்கே தாரைப் போல் இளகிச் சேரும் தன்மை இல்லாமையால், முதலில் ஒட்டுப்பூச்சு பூசாமல் கோடு இடுவது வீண் வேலையாகும்.

ஆகவே எந்த மாதத்திற் கோடு இடப்படுகின்றது என்பதும் முக்கியமாகும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று மூள்வதற்கு முன்னர் உள்ள மாதங்களின் உலர்ந்த நாட்களே கற்பிட்டிக்கு உகந்தவை. எமது அரசாங்க நிதியாண்டோ டிசெம்பர் 31 ஆம் திகதி முடிவடைகின்றது. ஒதுக்கிய பணம் திரும்பிச் சென்றுவிடும் என்ற அச்சத்தில் ஆண்டிறுதியில் அவசரமாக வேலைகளை முடிக்கும் பழக்கம் எந்தத் திணைக்களத்துக்கும் புதிதன்று. புத்தளத்துக்கு அது மழைக்காலம். அவசரத்தில் ஈரத் தரையில் இடப்பட்ட கோடு கணக்கேட்டில் மாத்திரமே நிலைத்திருக்கும்.

மழை இன்னொரு பிரச்சினையையும் எழுப்புகின்றது. நீர்ப்படலம் மணிகளை மூடிக்கொண்டதும் வெளிச்சம் சாரதியை நோக்கித் திரும்பாமல் அப்பாற் சிதறுகின்றது. கோடு மிகவும் தேவைப்படும் வேளையிலேயே அது கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. இதற்கும் பரிகாரம் உண்டு. பெரிய மணிகளைப் பயன்படுத்தலாம். கோட்டின் மீது சீரான இடைவெளியில் சிறு மேடுகளை அமைத்தால் அவை நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். சக்கரம் ஏறும்போது எழும் அதிர்வு தூங்கி வழியும் சாரதியை எழுப்பியும்விடும். இங்கிலாந்தில் பேர்சி ஷோ 1934 இல் காப்புரிமை பெற்ற ‘பூனைக்கண்’ எனப்படும் ஒளிதெறி குமிழ்களும், அவற்றின் வழிவந்த இன்றைய வீதிக் குமிழ்களும் மழை இரவுகளில் பேருதவி புரிகின்றன.

இங்கு நாம் முக்கியமாக வலியுறுத்த விரும்பும் விடயம் யாதெனில், கோட்டின் தரம் பகலிற் கண்ணாற் பார்த்து முடிவு செய்யப்படக்கூடாது என்பதாகும். மணியே இல்லாத வெள்ளைக் கோடும் பகலிற் பளிச்சென்றே தெரியும். திறப்பு விழாக்களும் பகலிலேயே நடைபெறுகின்றன. ஆனால் விபத்தோ இரவில் நிகழ்கின்றது. சாரதி ஏறத்தாழ 30 மீற்றர் தூரத்திலிருந்து பார்க்கும் கோணத்திற் கோட்டின் ஒளிதெறிப்பை அளக்கும் கருவிகள் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன. அமெரிக்காவில் 2022 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட விதியின்படி, மணிக்கு 35 மைல் அல்லது அதற்கு மேற்பட்ட வேக வரையறையுள்ள வீதிகளில் கோடுகளின் ஒளிதெறிப்பை 50 அலகுகளுக்குக் குறையாது பேணுவதற்கான நடைமுறையை 2026 செப்டெம்பருக்குள் வகுத்துக்கொள்ள வேண்டும் என அதிகாரிகளுக்குக் காலக்கெடு விதிக்கப்பட்டது. நாமும் எமது வருவாய்க்கு ஏற்ற ஓர் அளவை நிர்ணயிக்கலாம். அளவே இல்லாதிருப்பதற்கு வறுமையைக் காரணமாகக் கூற முடியாது.

பாதசாரிக் கடவைகளுக்கும் இது பொருந்தும். வெண்ணிறக் கடவைகள் வந்த பின்னரும் எம்மவர் பேச்சில் அது ‘மஞ்சட் கோடு’ ஆகவே இருக்கின்றது. பாடசாலை, பள்ளிவாசல், கோவில், தேவாலயம் ஆகியவற்றின் முன்னாலுள்ள கடவை மங்கிப்போனால், அதனை நம்பிக் கால் வைப்பவருக்கு அது பாதுகாப்பன்று, பொறியாகும். அதேவேளை வழுவழுப்பான தடித்த கோடு மழையில் மோட்டார் சைக்கிளைச் சறுக்கச் செய்யும் என்பதையும் மறுப்பதற்கில்லை. கடவைகளுக்கான கலவையிற் சொரசொரப்பான துகள்கள் சேர்க்கப்படுவது அவசியம். நாட்டில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் உயிரிழக்கும் 2000க்கும் மேற்பட்டோரில் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பாதசாரிகளுமே அதிகம் என்பதால் இவ்விரு தரப்பினரையும் முன்னிறுத்தியே பொருள் தெரிவு செய்யப்பட வேண்டும்.

சுற்றாடலையும் மறந்துவிடலாகாது. கற்பிட்டியின் குடிநீரும் பயிர்ச்செய்கையும் மணலுக்கு அடியிலுள்ள ஆழங்குறைந்த நிலத்தடி நீரிலேயே தங்கியிருக்கின்றன. மஞ்சள் நிறத்துக்காக ஈயம் கலந்த நிறப்பொருள் நீண்ட காலம் பயன்படுத்தப்பட்டு வந்தது. ஈயமற்ற மாற்றுப் பொருட்கள் கிடைக்கின்ற இக்காலத்தில் அதற்கு இடமளிக்கக்கூடாது. கடலிற் சேரும் நுண்பிளாஸ்ரிக் துகள்களில் ஏறத்தாழ 7 சதவீதம் வீதிக் கோடுகளின் தேய்மானத்தால் வருவதாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2017 இல் மதிப்பிட்டது. அடிக்கடி தேய்ந்து அடிக்கடி பூசப்படும் மலிவான கோட்டைவிட, நீண்ட காலம் நிலைக்கும் தரமான கோடே இவ்வகையிலும் மேலானது.

பொறுப்பு யாருடையது என்பதிற் குழப்பம் இருக்கலாகாது. ‘ஏ’, ‘பீ’ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ‘சீ’, ‘டி’ வகுப்பு வீதிகள் மாகாண நிர்வாகத்துக்கும், உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. பிரதான வீதியில் அதிகார சபை ஒளிரும் கோட்டினை இட்டு, அதிலிருந்து பிரியும் கிராம வீதியின் சந்தியில் பிரதேச சபை எதுவும் செய்யாதிருந்தால் ஆபத்து சந்தியிலேயே காத்திருக்கும். உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கின. 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னர் கேள்வி கேட்பதற்கு மக்களுக்கு ஆட்கள் கிடைத்துள்ளனர். அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும்.

எனவே, சம்பந்தப்பட்டோரிடம் நாம் வேண்டுவது இதுவே. கோட்டின் தடிப்பும் ஒளிதெறிப்பும் கேள்விப்பத்திரத்திலேயே எண்களிற் குறிக்கப்பட வேண்டும். ஒப்பந்தகாரருக்கான கொடுப்பனவின் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டு, ஒரு மழைக்காலம் கழிந்து இரவில் அளந்து பார்த்த பின்னரே வழங்கப்பட வேண்டும். கிராமங்களினூடாகச் செல்லும் பகுதிகளில் நடுக்கோட்டுடன் ஓரக் கோடும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அளவீட்டு முடிவுகள் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் மூன்று மொழிகளிலும் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும்.

மக்களுக்கும் கடமை உண்டு. வெளிச்சமில்லாத சைக்கிளையும், பின்புறம் ஒளிதெறி ஒட்டி இல்லாத உழவு இயந்திரப் பெட்டியையும் எந்தக் கோட்டினாலும் காப்பாற்ற முடியாது. பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய சபைகளும் மீனவர் சங்கங்களும் முன்வந்தால், அதிகாலையில் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் ஒளிதெறி பட்டிகளை வழங்குவது பெரிய காரியமன்று. சாரதிகள் வேகத்தைக் குறைக்காதவிடத்து எந்தத் தொழில்நுட்பமும் பயன் தராது.

2030 ஆம் ஆண்டுக்குள் வீதி மரணங்களைப் பாதியாகக் குறைப்பது ஐக்கிய நாடுகள் சபை நிர்ணயித்த இலக்காகும். அந்த இலக்கு மாநாட்டு மண்டபங்களில் நிறைவேறப் போவதில்லை. நுரைச்சோலையிலிருந்து மின்சாரம் பெறும் இந்நாடு, அதே நுரைச்சோலையினூடாக விடியுமுன் நடந்து செல்லும் முதியவருக்குச் சாரதியின் கண்ணுக்குத் தெரிகின்ற ஒரு கோட்டையாவது வழங்கக் கடமைப்பட்டுள்ளது. மீளமைப்புப் பணிகளுக்கான திட்டங்கள் வரையப்படும் இக்காலமே அதற்கு உகந்த தருணம். பொறுப்பு வாய்ந்தவர்கள் ஓர் இரவேனும் பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை பயணித்துப் பார்த்துவிட்டு அத்திட்டங்களிற் கையொப்பமிட வேண்டும் என்பதே எமது கோரிக்கையாகும்.