பொருளாதார ஜோசியம்

பஞ்சாங்கத்தைக் கிழித்தெறிந்து விட்டோமென்று பெருமை பேசிக்கொள்ளும் வியாபாரத் தோழர்கள் சிலர், "அடுத்த வருஷம் நூற்றுக்கு இத்தனை வளர்ச்சி" என்று ஒரு பெரிய ஸ்தாபனம் சொன்னவுடன், அதை எப்படிக் கண்டார்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேளாமல் கடன் வாங்கிச் சரக்கை நிரப்பி விடுகிறார்கள். கேட்டால், அது ஜோசியமல்ல, கணக்கு என்கிறார்கள். கணக்கு என்பது மெய்தான். ஆனால் கேள்வி கேளாமல் நம்புகிறவனளவில் கணக்குக்கும் ஜாதகக் கட்டத்துக்கும் என்ன வித்தியாசமென்று நாம் கேட்கின்றோம்.

அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்த இர்விங் ஃபிஷர் சாமானியரல்ல. அக்காலத்துப் பொருளாதார நிபுணர்களில் முதல் வரிசைக்காரர். அவர் 1929 அக்டோபர் மத்தியில், பங்குகளின் விலை ஏறிய உயரத்திலேயே இனி நிலைத்து நிற்குமென்று சொன்னார். அம்மாதம் முடியுமுன்னே சந்தை சரிந்தது. 1929 செப்டம்பரில் 381 ஆக இருந்த டௌ ஜோன்ஸ் குறியெண் 1932 ஜூலையில் 41-க்கு வந்துவிட்டது. பழைய உயரத்தை மறுபடி காண 1954 வரை ஆயிற்று. கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்த ஃபிஷரும் தம் சொத்தை இழந்தார். (எந்த ஜோசியன் தன் வாக்கை நம்பித் தன் பணத்தைப் போட்டான்? அந்த மட்டில் பேராசிரியர் யோக்கியரே.) அன்றியும், தவறியதற்குக் கிரகத்தின்மேல் பழி போடாமல் காரணத்தைத் தேடினார். கடன் சுமையும் விலை வீழ்ச்சியும் ஒன்றையொன்று எப்படி வளர்க்கின்றன என்று அவர் 1933-ல் எழுதியது இன்றும் படிக்கப்படுகிறது.

நிற்க. சர்வதேச நாணய நிதி 2020 ஜனவரியில், அவ்வருஷம் உலக உற்பத்தி 3.3 சதவிகிதம் வளருமென்றது; கொரோனா பரவியபின் ஏப்ரலில், 3 சதவிகிதம் சுருங்குமென்றது. இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. நிலைமை மாறியது, கணக்கை மாற்றினார்கள். ஜனவரிக் கணக்கைப் பார்த்துக் கைமுதல் அத்தனையும் முடக்கியவன் எதை மாற்றுவான்?

நமது ரிசர்வ் பாங்கு தன் பணக்கொள்கை அறிக்கையில் ஒற்றை எண்ணோடு நிறுத்துவதில்லை. விலைவாசிக்கும் வளர்ச்சிக்கும் விசிறிபோல் விரியும் படம் போட்டு, நூற்றுக்கு 50, 70, 90 நிச்சயம் எந்தெந்த எல்லைக்குள் என்று காட்டுகிறது. மழை, எண்ணெய் விலை முதலியவை எப்படியிருக்குமென்று வைத்துக்கொண்டு கணக்கிட்டார்கள் என்பதையும் சொல்லுகிறது. காலம் தூரப் போகப்போக விசிறி அகலுகிறது. தெரியாததின் அளவு இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளும் இந்தப் படத்தை விட்டுவிட்டு, தரகர்கள் நடுக்கோட்டு எண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து கடைக்காரரிடம் விற்கிறார்கள். அவர்களிடம் நம் தோழர்கள் கேட்க வேண்டியது, விசிறியின் கீழ்க்கோடு எங்கேயிருக்கிறது, போன வருஷம் நீர் சொன்னது என்ன, நடந்தது என்ன என்பதே. பிறகு, அந்தக் கீழ்க்கோடே நடந்துவிட்டாலும் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியுமா என்று தம் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும்.