கூடினால் குற்றமா?

ஆண், பெண் என்னும் இரண்டு பெயர்களில் எதுவும் தமக்குப் பொருந்தவில்லை என்று உணர்ந்தவர்களும், அவர்களுக்குத் துணை நிற்பவர்களும் சென்னை, மதுரை முதலிய நகரங்களில் அவ்வப்போது ஓரிடத்தில் கூடிப் பேசிக் கலைகிறார்கள். அக்கூட்டங்களில் நடப்பதென்ன? வந்தவர் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் பெயரையும், தம்மை எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லுகிறார். தேநீர் குடிக்கிறார்கள். பாடத் தெரிந்தவர் பாடுகிறார். வேலையில்லாதவர் வேலை விசாரிக்கிறார். வீட்டில் அடிபட்டவர் அதைச் சொல்லி அழுகிறார். இவ்வளவுதான். இதற்கே நம் நாட்டு ஒழுக்கக் காவலர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. "கலாசாரம் போச்சு, குடும்பம் போச்சு" என்று கூப்பாடு போடுகிறார்கள். அவர்களுடைய ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"இவர்கள் தனியாகக் கூடுவானேன்?" என்பது முதலாவது கேள்வி. ஜாதிக்கொரு சங்கம், ஜாதிக்கொரு கலியாண மண்டபம், ஜாதிக்கொரு சுடுகாடு வைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்! அவர்கள் கூடுவது மற்றவனைத் தள்ளி வைப்பதற்கு. இவர்கள் கூடுவதோ தள்ளி வைக்கப்பட்டதனால். எல்லா வீட்டுத் திண்ணையிலும் இவர்களுக்கு இடமிருந்தால் தனி இடம் தேடி ஏன் அலைகிறார்கள்?

கூடுவதையே குற்றமாக்கிய காலமும் ஒன்று இருந்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் என்றால் நம்மவர்க்குக் கைரேகை வைக்கப்பட்ட ஜாதிகள்தான் ஞாபகத்துக்கு வரும். 1871 ஆம் வருஷத்தில் வடநாட்டுக்காக வெள்ளைக்காரர் செய்த அந்தச் சட்டத்தின் இரண்டாவது பாகம், 'அலிகள்' என்று தாங்கள் முத்திரை குத்தியவர்களைப் பதிவேட்டில் ஏற்றி, அவர்கள் பெண்ணுடை உடுத்திப் பொது இடத்தில் தோன்றினாலும் ஆடிப் பாடினாலும் வாரண்டில்லாமல் பிடிக்கலாம் என்றது. ஐதராபாத் நிஜாம் ராஜ்யமும் 1919 இல் இதே மாதிரி ஒரு சட்டம் செய்துகொண்டது. வெள்ளைக்காரனும் போனான், நிஜாமும் போனான். சட்டம் மட்டும் போகவில்லை. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில்தான் அதைச் செல்லாதென்று தள்ளிற்று. நூறு வருஷத்துக்கு மேல் ஆடையும் பாட்டும் குற்றமாக இருந்த ஒரு கூட்டத்தாரைப் பார்த்து, "ஏன் கூடுகிறீர்கள்?" என்று கேட்பதற்கு வெட்கம் வேண்டாமா?

இரண்டாவது, "இது மேல்நாட்டிலிருந்து வந்த வியாதி" என்கிறார்கள். தொல்காப்பியத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடும் பண்டிதர்கள் கிளவியாக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். ஆண்மை திரிந்தவரைப் பற்றி விதி சொல்லும்போது தொல்காப்பியர் அவர்களை உயர்திணையில்தான் வைத்தார். பழைய நூலில் இருப்பதனாலேயே ஒன்று சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பழமையைக் காட்டி மிரட்டுபவர்களுக்கு அந்தப் பழமையும் தெரியாது என்பதைக் காட்டவே சொல்லுகிறோம். இலக்கணக்காரர் உயர்திணையில் வைத்தவர்களை இன்றைய பட்டதாரி 'அது' என்கிறான்!

மூன்றாவது, "இயற்கையில் இரண்டே பால்தானே?" என்கிறார்கள். வயலிலுள்ள மண்புழு ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கிறது. மனிதக் குழந்தைகளிலும் இரண்டில் ஒன்றென்று சொல்ல முடியாத உடலோடு பிறப்பவர்கள் உண்டு. அவசியமின்றி அக்குழந்தைகளின் உடலை அறுத்து ஒரு பாலுக்குள் திணிப்பதைத் தடுக்கும்படி மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை 2019 இல் சொல்ல, தமிழ்நாட்டு அரசாங்கமும் அவ்வருஷமே உத்தரவு போட்டது. உடலே இரண்டு கணக்கில் அடங்காதபோது மனம் மட்டும் அடங்க வேண்டுமென்று யார் விதித்தது? தம்முடைய பால் இன்னதென்று தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே உரியதென்று சுப்ரீம் கோர்ட்டு 2014 ஏப்ரல் 15 இல் தீர்ப்பளித்தது. இவர்களை வைத்தியத்தால் 'மாற்றுகிறேன்' என்பதைத் தடுக்க வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. நோயில்லாதவருக்கு மருந்து விற்பதும், கலியாணம் செய்துவைத்தால் சரியாய்ப் போகும் என்று ஒன்றுமறியாத மற்றொருவர் வாழ்வையும் சேர்த்துக் கெடுப்பதும் எந்த ஒழுக்கத்தில் சேர்ந்தது?

நான்காவது, "இவர்களை எப்படித்தான் கூப்பிடுவது? பாஷையில் இடமில்லையே" என்கிறார்கள். வேறு பாஷைக்காரர் கவலைப்படட்டும். தமிழனுக்கு என்ன கவலை? 'அவர் வந்தார்' என்றால் வந்தவர் ஆணா, பெண்ணா, இரண்டுமற்றவரா என்று யாருக்குத் தெரியும்? தெரியத்தான் வேண்டுமா? 'தோழர்' என்ற சொல்லும் அப்படியே. ஆகையால் சங்கடம் பாஷையில் இல்லை. மரியாதை கொடுக்க மனம் வராததில் இருக்கிறது. உழைக்கிறவனை 'அடே' என்றும், வயதில் மூத்த கூலிக்காரியைப் பெயர் சொல்லியும் அழைத்துப் பழகிய நாக்குத்தான் இங்கேயும் 'அவர்' என்று சொல்லக் கூசுகிறது.

கடைசியாக மதத்தைக் கொண்டுவருகிறார்கள். திருச்செங்கோட்டில் பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரிக்குப் பாலாபிஷேகம். அதே தெருவில் உயிரோடு நடந்து போகும் மனிதருக்குக் கேலியும் கல்லும்! மகாவிஷ்ணு மோகினியானால் லீலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பொட்டு வைத்தால் அவமானமா? கள்ளக்குறிச்சி ஜில்லா கூவாகத்தில் சித்திரை மாதத்தில் திருநங்கையர் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். பாரதத்தில் பலியிடப்பட்ட அரவானுக்கென்று அன்றிரவு தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். அங்கே போகிறவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். தம்மைப்போன்றவர் முகத்தைக் காண வேறிடமில்லாதபோது கிடைத்த இடத்தில் கூடுகிறார்கள். ஆனால் இந்தச் சமூகத்தின் யோக்கியதையைப் பாருங்கள்! தாலியறுத்து அழுவதற்கு இவர்கள் கூடினால் அது திருவிழா. பஸ் விடுவார்கள், படம் பிடிப்பார்கள். சிரித்துப் பேசித் தேநீர் குடிக்கக் கூடினால் அது ஒழுக்கக்கேடு! கைம்பெண் கோலத்தில் வந்தால் சகிப்போம், மனிதக் கோலத்தில் வந்தால் சகியோம் என்பதுதானே இதன் அர்த்தம்?

நிற்க, துணை நிற்க வருகிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இக்கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். "அறுவை செய்துகொண்டாயா?" என்று யாருடைய உடலையும் விசாரிக்காதீர்கள், உங்கள் உடலைப் பற்றி யாராவது அப்படி விசாரிக்கிறார்களா? அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். ஒரு படம் ஒருவருடைய சோற்றையும் வீட்டையும் பறித்துவிடும். தலைமை வகித்துப் பிரசங்கம் செய்யும் ஆசையை விட்டு, நாற்காலி எடுத்துப் போடுங்கள். அங்கே கற்றதை வெளியே வந்து பேசுங்கள். உங்கள் ஆபீசு விண்ணப்பத் தாளில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்தோடு நிற்பதையும், இடம் விட்டால் 'மற்றவை' என்று உடைந்த சாமான் கணக்கில் எழுதுவதையும் கண்டியுங்கள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் 2008 இல் திருநங்கையருக்கென்று நலவாரியம் ஏற்பட்டது. நல்லதுதான். ஆனால் திருநங்கை என்றும் திருநம்பி என்றும் சொல்லிக்கொள்ளாமல் இரண்டுக்கும் வெளியே நிற்பவர் எந்தக் கதவைத் தட்டுவார்? அவரை எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரியாமல் சர்க்காரும் வீடும் ஒருங்கே விழிக்கின்றன. பெட்டிக்கேற்ப மனிதனை வெட்டுவதைத்தான் வருணாசிரமம் ஆயிரக்கணக்கான வருஷமாகச் செய்துவந்தது. பிறந்தபோது பிறர் எழுதிவைத்தது சாகும்வரை மாறாது என்பதுதான் ஜாதியின் உயிர்நிலை. அதை ஜாதியில் எதிர்ப்போம், பாலில் ஒப்புக்கொள்வோம் என்பவர் பகுத்தறிவைப் பாதி வழியில் இறக்கிவிட்டவரே ஆவார்.

ஆகையால் தோழர்களே, உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் கூட இடம் கேட்டால், உங்கள் சங்கக் கட்டடமோ, வாசகசாலையோ, மாடி அறையோ எதுவானாலும் திறந்து கொடுங்கள். அந்தக் கதவை அடைப்பவருக்குச் சுயமரியாதையைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.