சுடாத துப்பாக்கி எப்படி வீங்கும்?

புதுத் துப்பாக்கியை நான் பாழாக்கிவிட்டேனாம். சம்பளத்தில் 300 வெள்ளி பிடித்துவிட்டீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் 300 போனால் மிச்சத்தை வைத்து எந்தக் கடனை அடைப்பது, சார்?

பால்மரம் வெட்டிய தோட்டம் துண்டாகிப் போனபின் ஜாகா வேலைக்கு, அதாவது காவல் வேலைக்கு, வந்தவன் நான். குவார் செம்பெடாக்கில் ஓர் அடகுக்கடை வாசலில் பம்ப் கன்னோடு பகலெல்லாம் நிற்கிறேன். லைசென்ஸ் கம்பெனி பேரில். பழி மட்டும் என் பேரில்.

முதல் குற்றம், தோட்டாக் குழாயில் கருநீலப் பூச்சு தேய்ந்திருக்கிறதாம். முன்பிடியை இழுக்க இழுக்க அந்த இடம் உரசத்தான் செய்யும். எந்தப் பம்ப் கன்னிலும் அப்படித்தான். அடுத்து, துருவாம். இந்த யான் வட்டாரக் கரையின் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடுமா? எண்ணெய் கேட்டால் "நாளைக்கு" என்பீர்கள். ராத்திரி ஈரம் காயாத துணி உறையோடு பெட்டியில் வைத்துப் பூட்டுவது நானா? சாவி யாரிடம் இருக்கிறது?

மூன்றாவது குற்றம்தான் வயிற்றைப் பற்றியெரிய வைக்கிறது. குழலில் வீக்கம். தோட்டாக்களை இறக்கி, கழற்றிய குழலை மேற்பார்வையாளரே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். உள்ளே கறுப்பாக ஒரு நிழல் வளையம். வெளியே விரலை ஓட்டினால் அதே இடத்தில் சுற்றிலும் மேடு தட்டுகிறது. கைதவறிக் கீழே போட்டிருந்தால் ஒருபக்கம் நசுங்கியிருக்கும்; சுற்றிலும் ஒரே மாதிரி வீங்கியிருக்காது. துடைத்த துணியோ வேறெதுவோ உள்ளே அடைத்துக் கிடக்கும்போது சுட்டால் அழுத்தம் அந்த இடத்தில் முட்டிக் குழலை வீங்க வைக்கும். சுட்டால்தான் வரும், சார்! நான் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லையே! காலையில் கையெழுத்துப் போட்டு 5 தோட்டா வாங்குகிறேன். சாயங்காலம் அதே 5 தோட்டாவை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு முன்னால் யாரோ சுட்ட துப்பாக்கியைத் துடைத்து, "புதுசு" என்று என் கையில் திணித்தீர்களா?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, முதலாளி நினைத்தபடி சம்பளத்தில் கைவைக்க விடுவதில்லை. தொழிலாளர் இலாகாவுக்கு நான் போகத்தான் போகிறேன். அதற்கு முன், அந்தத் துப்பாக்கி உங்களிடம் வந்த நாளிலிருந்து உள்ள பதிவேட்டை என் கண்முன் விரியுங்கள். துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் குழலைக் காட்டுங்கள். என் 300 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள்.