பொண்ணு சொன்னா பசங்க கேப்பாங்களா?

பெண்கள் டீமுக்கு ஒரு ஆண் கோச்சா வந்தா யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. ஆண்கள் டீமுக்கு ஒரு பெண் கோச்சா வந்தா முதல் கேள்வியே, "பசங்க இவங்க பேச்சைக் கேப்பாங்களா?"

நண்பர்களே, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டையே எடுத்துக்குவோம். அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என 1972-லேயே 'டைட்டில் நைன்' சட்டம் போட்ட நாடு அது. அந்தச் சட்டத்தால் லட்சக்கணக்கான மாணவிகள் மைதானத்துக்கு வந்தார்கள். பெரிய வெற்றி. மறுப்பதற்கில்லை.

ஆனா கோச் வேலையில் நடந்தது வேற கதை. 1972-க்கு முன்னாடி, கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். சட்டம் வந்ததும் அந்த அணிகளுக்குப் பணம் வந்தது, முழுநேரச் சம்பளம் வந்தது. கூடவே ஆண்களும் வந்தார்கள். பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. சரி, பதிலுக்கு ஆண்கள் அணிகளில் பெண்களுக்கு இடம் கிடைச்சுதா? அங்கே நூற்றுக்குப் பத்து பேர்கூட தேற மாட்டாங்க.

தகுதி இல்லையா? டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பேட் சம்மிட் 1,098 வெற்றி, 8 தேசியக் கோப்பையோடு 2012-ல் ஓய்வு பெற்றார். அன்றைக்கு முதல்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் எந்த ஆண் கோச்சும் அத்தனை வெற்றியைத் தொட்டதில்லை.

பசங்க கேக்கலையா? 1990-லேயே கென்டக்கி ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு பெர்னடெட் மேட்டாக்ஸ் உதவிப் பயிற்சியாளர் ஆனார். நான்கு சீசன் வேலை பார்த்தார். 2014-ல் பெக்கி ஹாமன், ஆண்களின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் சான் அன்டோனியோ அணியின் உதவிப் பயிற்சியாளர் ஆனார். கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர்களே கேட்டாங்க. கல்லூரிப் பையன் கேக்க மாட்டானா?

என்ஜினீயரிங் படிச்ச எல்லாருக்கும் தெரியும். சர்க்யூட் தியரி நடத்தின மேடம் சொன்னதை நாம கேட்டோம், நோட்ஸ் எடுத்தோம், பாஸ் ஆனோம். கிளாஸ்ரூமில் கேட்கும் அதே பையன் கிரவுண்டில் மட்டும் கேட்க மாட்டான் என்று முடிவு பண்றது யாரு? பையன் இல்லைங்க. வேலைக்கு ஆள் எடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள். அவங்க தனக்குத் தெரிஞ்சவரைக் கூப்பிடுறாங்க. அவரும் தனக்குத் தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வர்றார். அந்த வட்டத்துக்குள் பெண் நுழையவே வழி இல்லை.

நாம கேட்பது சலுகை இல்லை. கோச் பதவி காலியானால் வெளிப்படையாக விளம்பரம் பண்ணுங்க. நேர்காணலுக்குப் பெண்களையும் கூப்பிடுங்க. உதவிப் பயிற்சியாளர் இடத்தில் இருந்தே வாய்ப்பு கொடுங்க, ஏன்னா நாளைய தலைமைப் பயிற்சியாளர் அங்கிருந்துதான் வருவார்.

விளையாட உரிமை கொடுத்தாச்சு. வழிநடத்தும் உரிமை எப்போ?

உங்க காலேஜ் ஆண்கள் டீமுக்கு எப்பவாவது ஒரு பெண் கோச் இருந்தாங்களா? கமென்ட்ல சொல்லுங்க. பகிருங்கள்.

#பெண்கோச் #சமவாய்ப்பு