துக்கத்துக்குப் பின் ஒரு நோட்டுப் புத்தகம்

1984 டிசம்பர் 2 நள்ளிரவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே போபாலுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. யூனியன் கார்பைடு ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்ததைத் துருவிய உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி, நகரத்துக்கு வரப்போகும் ஆபத்தை 1982-லேயே தன் சிறிய வார இதழில் எழுதினார். அந்தக் குரலைச் சுற்றி ஊர் திரளவில்லை. விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகுதான் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா போன்ற சாதாரணத் தொழிலாளிப் பெண்கள் சங்கம் கட்டி, டெல்லி வரை போய்ப் போராடினார்கள். அவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால், ஒவ்வோர் ஊரும் தன் பிணங்களை எண்ணிய பிறகுதான் தன் போராளியைப் பெற்றெடுக்க வேண்டுமா? ஓர் ஊரின் துயரம் இன்னோர் ஊரில் கண்காணிப்பாக மாற வேண்டும். அதுவே உண்மையான அஞ்சலி.

அப்படி மாறியதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய கிராமத்தார் சிலர் 2004-ல் ‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ ஆனார்கள். எந்த நேரத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கையில், எப்படிப்பட்ட வாடை வந்தது என்று எழுதிவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ‘நாறுது சார்’ என்ற புகாரை அதிகாரி கையசைத்து ஒதுக்கிவிடலாம். தேதி, நேரம், வேதிப்பொருளின் பெயர் மூன்றும் சேர்ந்த புகாரை அப்படி ஒதுக்க முடியாது.

பீங்கான் பொம்மைப் பட்டறைகள் உள்ள நம் விருத்தாசலத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, அபாயத் தொழில்களின் பட்டியலில் கண்ணாடியும் பீங்கானும் சேர்ந்தன. என்ன ஆபத்து என்பதைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தாருக்கும் சொல்ல வேண்டும் என்றது அந்தத் திருத்தம். இங்கே ஆபத்து வாயுவாக வருவதில்லை, வெள்ளைத் தூசியாக வருகிறது. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையின் ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்டும்போது மாவுபோல் உதிர்கிறதே, அதில் குவார்ட்ஸின் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது தரையில் விழுந்துவிடும். தெரியாதது நுரையீரலுக்குப் போகும். சிலிகோசிஸ் வந்தால் குணமில்லை. பல நேரம் அதற்குக் காசநோய் என்று பெயர் வைத்து மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள்.

கொலு பொம்மையையும் போபாலையும் ஒரே தராசில் வைப்பது மிகை என்பார்கள். ஒரே இரவில் கொல்வதும் இருபது ஆண்டில் கொல்வதும் ஒன்றல்லதான். ஆனால் மெல்லக் கொல்வதைப் பத்திரிகை எழுதாது, ஆணையம் விசாரிக்காது. ஊர்க்காரர் எழுதிவைத்தால்தான் கணக்கில் வரும். தூசியைக் கண்காணிப்பது அரசுத் தொழிற்சாலை ஆய்வாளரின் வேலை என்பது அடுத்த வாதம். அவர் என்றோ ஒரு நாள் வருபவர். தூசி தினமும் பறக்கிறது. மேலும், மின்சாரத்தில் இயங்கும் ஆலைக்குப் பத்துத் தொழிலாளர் என்றிருந்த வரம்பை 2020-ன் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இருபது ஆக்கியது. நாலைந்து பேர் வேலைசெய்யும் பட்டறை பழைய வரம்புக்குள்ளேயே வராதது; அது ஆய்வாளரின் கண்ணில் படுவது இன்னும் அரிது. கனமான வாதம் மூன்றாவது: ஏற்கெனவே தள்ளாடும் தொழிலைப் போராட்டம் மூடிவிடும் என்பது. மூடச்சொல்லிப் போராடினால் மூடும்தான். ஆனால் கேட்க வேண்டியது வேறு. உலர்ந்த பிசிறைச் சுரண்டாமல் ஈரப் பஞ்சால் துடைப்பது, துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடைப்பது, மாவு அரைக்கும் இடத்தில் தூசி உறிஞ்சி வைப்பது. முதல் இரண்டுக்குப் பெரிய செலவில்லை. மூன்றாவதற்குச் சிறு முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்று அரசிடம் மானியம் கேட்கலாம்.

ஆக, தேவைப்படுவது கொடிக்கம்பம் அல்ல. எந்தப் பட்டறையில் யாருக்கு எத்தனை மாதமாக இருமல் என்று குறிக்கும் ஒரு நோட்டு. ஆண்டுக்கொரு முறை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கக் கோரி நகராட்சியின் பகுதி சபையில் ஒரு தீர்மானம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் மனு. தூசியை அளக்க ஊரிலேயே இருக்கும் அரசு செராமிக் கல்லூரியின் உதவியைக் கேட்கலாம். கேஸ்வானி தனியாக எழுதினார். இங்கே பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் போதும்.